கல்லூரிக் கோர்ட்டிலிருந்து காசுக் கோர்ட்டுக்கு

2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்கெல்லாம் காபி டம்ளரோட டிவி முன்னாடி உட்கார்ந்துட்டேன். என்.பி.ஏ. இறுதிப் போட்டி, ஆறாவது ஆட்டம். அமெரிக்காவில் அது முந்தின நாள் இரவு. டொராண்டோ ராப்டர்ஸ், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். கூட உட்கார்ந்திருந்தது பக்கத்து வீட்டுத் தம்பி. இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், காலேஜ் டீமில் பெஞ்ச்சைத் தேய்க்கிற பிளேயர் (அவன் சொன்னதுதான், நான் சொல்லலை :-)).

ஆட்டம் முடிய அரை நிமிஷம்கூட இல்லை. டொராண்டோவின் 43ஆம் நம்பர், டிரேமண்ட் கிரீனைத் தாண்டிப் போய் ஒரு பந்தை மெதுவா தூக்கிப் போட்டு உள்ளே விழ வச்சார். கடைசியில் 114-110, கோப்பை கனடாவுக்கு. 43ஆம் நம்பர் எடுத்த புள்ளிகள் 26.

"அண்ணே, இவன்லாம் பொறக்கும்போதே பந்தோட பொறந்தவன்ணே"ன்னான் தம்பி.

இல்லை மக்களே. பாஸ்கல் சியாகம் கேமரூன் நாட்டுக்காரர். பாதிரியார் ஆகறதுக்காக மடத்துப் பள்ளியில் படிச்சவர். கூடைப்பந்தை ஒழுங்கா ஆட ஆரம்பிச்சதே பதினாறு, பதினேழு வயசுக்கு மேல. நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ரெண்டு சீசன் ஆடினார். 2016 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையா புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் திருவிழாவில், அவர் 27ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். அவருக்கு முன்னாடி 26 பேர்.

அன்னிக்குத் தம்பிகிட்ட இதைச் சொல்ல ஆரம்பிச்சு, பேச்சு ஐம்பது வருஷம் பின்னாடி போயிடுச்சு. அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதறேன்.

முதல்ல, ஒரு காலத்தில் அங்கே ஒரு மதில் இருந்தது. பள்ளிக்கூடம் முடிச்சு நாலு வருஷம் ஆகாத யாரையும் என்.பி.ஏ. அணிகள் எடுக்கக்கூடாதுன்னு விதி. படிப்பில் அக்கறைன்னு வெளியே சொன்னாலும், கல்லூரிகள் காசு செலவில்லாமல் ஆள் தயாரித்துக் கொடுக்க, நோகாம நுங்கு தின்பது அணிகளுக்கு வசதியா இருந்தது. வில்ட் சேம்பர்லைன் மாதிரி ஒரு மலையே இந்த மதிலைத் தாண்ட முடியலை. 1958ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தை ஒரு வருஷம் பாக்கியிருக்கும்போதே விட்டுட்டு, அந்த ஒரு வருஷத்தை ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸோட ஊர் ஊரா வித்தை காட்டிக் கழிச்சார். 1959ல் என்.பி.ஏ.வுக்குள்ளே வந்ததும் முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 37.6 புள்ளி. அவரை வெளியே நிறுத்தி வைத்ததில் யாருக்கு என்ன லாபம்னு கேட்டா பதில் இல்லை.

மதிலை உடைச்சவர் பெயர் ஸ்பென்சர் ஹேவுட். நம்ம ஆட்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மிசிசிப்பியில் பருத்தி எடுக்கும் குடும்பம், பத்துப் பிள்ளைகளில் ஒருவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 19 வயசில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்த அணியில் அதிகப் புள்ளி அவருடையது. டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் ஆடிவிட்டு, 1969ல் போட்டி லீக்கான ஏ.பி.ஏ.வுக்குப் போனார். முதல் வருஷமே சிறந்த புதுமுகம், சிறந்த வீரர் ரெண்டும் அவர்தான். 1970ல் சியாட்டில் அணி உரிமையாளர் சாம் ஷுல்மன் அவரை என்.பி.ஏ.வுக்கு இழுக்க, நாலு வருஷக் கணக்கைக் காட்டி லீக் தடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளியூர் மைதானங்களில் "சட்டவிரோத வீரர் களத்தில் இருக்கிறார்"னு மைக்கில் அறிவிப்பாங்களாம். ஹேவுட்டே பின்னாளில் சொல்லியிருக்கார். 1971 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதுக்கப்புறம் குடும்பக் கஷ்டத்தை நிரூபிச்சா முன்கூட்டியே வரலாம்னு ஒரு சலுகை வந்து, 1976ல் அந்த நிரூபணமும் தேவையில்லைன்னு ஆச்சு. மேஜிக் ஜான்சன் ரெண்டு வருஷக் கல்லூரியோட 1979ல் வந்ததும், மைக்கேல் ஜோர்டன் மூணு வருஷத்தோட 1984ல் வந்ததும் ஹேவுட் திறந்துவிட்ட கதவு வழியாத்தான். அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்க்க 2015 வரை ஆச்சு என்பது தனிக் கதை.

அடுத்த திருப்பம் காசு. 1994 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட கிளென் ராபின்சன், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பத்து வருஷத்துக்கு 68 மில்லியன் டாலர் ஒப்பந்தம் வாங்கினார். மூத்த வீரர்களுக்கே வயிறு எரிஞ்சது. உடனே 1995ல் புதுமுகங்களுக்குச் சம்பள அட்டவணை போட்டாங்க. எத்தனையாவது ஆளோ, அதுக்கேத்த சம்பளம், மூணு வருஷம். இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒண்ணு நடந்தது. முதல் ஒப்பந்தத்தில் பெரிய காசு இல்லை, ரெண்டாவதில்தான் காசு. அப்போ என்ன பண்ணணும்? முதல் ஒப்பந்தத்தைச் சீக்கிரம் ஆரம்பிச்சுச் சீக்கிரம் முடிக்கணும். கல்லூரியில் நாலு வருஷம் உட்கார்றது நஷ்டக் கணக்கா ஆயிடுச்சு. அதே 1995ல் கெவின் கார்னெட் பள்ளியிலிருந்து நேரா வந்தார். 1996ல் கோபி பிரையன்ட். 2003ல் லெப்ரான் ஜேம்ஸ்.

இந்தப் பட்டியலைப் பார்த்தா, கல்லூரியே வேண்டாம், திறமை இருந்தா போதும்னு தோணும். ஆனா நடுவில் ஒரு 2001 இருக்கு.

அந்த வருஷம் வாஷிங்டன் அணியின் நிர்வாகத்தில் இருந்தவர் ஜோர்டன். முதல் தேர்வாக குவாமி பிரவுன் என்கிற பள்ளிப் பையனை எடுத்தார்கள். பள்ளியிலிருந்து நேரா வந்து முதலிடத்தில் எடுக்கப்பட்ட முதல் ஆள். சில மாதங்களில் ஜோர்டனே ஓய்வை முறித்துக்கொண்டு அதே அணியில் ஆட வந்துட்டார். 19 வயசுப் பையன், உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் பக்கத்தில் நின்னு, தப்புப் பண்ணாம ஆடணும். தப்புப் பண்ணினா மொத்த நாடும் பார்க்கும். பையன் சுருண்டுட்டான். "டிராஃப்டின் மகா சொதப்பல்"னு பேர் நிலைச்சுப் போச்சு. நானும் நண்பர்கள் கூட்டத்தில் அவரை வச்சு ஜோக் அடிச்சவன்தான், இப்போ வெட்கமா இருக்கு. ஏன்னா அவர் ஏழு அணிகளில் 12 சீசன், 600க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். அந்த லீக்கில் அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிறதே சாதனை. "முதலாவது" என்கிற அந்த ஒரு சொல் இல்லாமல் 20ஆவது ஆளாகப் போயிருந்தால், அவரைப் பத்தி யாரும் கெட்ட வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

2005 ஒப்பந்தத்தில் மறுபடி ஒரு குட்டை மதில் எழுப்பினாங்க: 19 வயசு ஆகணும், பள்ளி முடிச்சு ஒரு வருஷமாவது ஆகணும். விளைவு, கல்லூரியில் ஒரே ஒரு வருஷம் தலையைக் காட்டிட்டு வந்துடற கலாச்சாரம். கெவின் டுரான்ட் டெக்சாஸில் ஒரு வருஷம் இருந்துவிட்டு 2007ல் ரெண்டாவதாகப் போனார், 2014ல் லீக்கின் சிறந்த வீரர். அதே 2007ல் முதலாவதாகப் போன கிரெக் ஓடனும் ஒரு வருஷக் கல்லூரிதான். முழங்கால் அறுவை சிகிச்சையால் முதல் சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தார், அப்புறம் கால் எழுந்திருக்கவே இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே விதி, ஒரே வருஷம். முடிவு மட்டும் வானத்துக்கும் பூமிக்கும்.

அப்போ கல்லூரியில் எத்தனை வருஷம் என்பது முக்கியமே இல்லையா? இருக்கு, ஆனா நாம நினைக்கிற அளவுக்கு இல்லை. டிம் டங்கன், பட்டம் வாங்குவேன்னு இறந்துபோன அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக நாலு வருஷமும் படிச்சு 1997ல் வந்தார், ஐந்து கோப்பை ஜெயித்தார். ஸ்டீவ் நாஷும் நாலு வருஷம்தான். ஆனா 1996ல் வந்தவருக்கு முதல் சீசனில் சராசரி 3.3 புள்ளி. சிறந்த வீரர் விருது வந்தது 2005லும் 2006லும். ஒன்பது வருஷம் கழிச்சு! நம்ம ஊர்ல ஒன்பது வருஷம் யார் காத்திருப்பாங்க?

கல்லூரி ஆட்டம் வேற, தொழில்முறை ஆட்டம் வேற என்பதுதான் விஷயம். அங்கே ஆட்டம் 40 நிமிஷம், இங்கே 48. அங்கே வருஷத்துக்கு முப்பத்திச் சொச்சம் ஆட்டம், இங்கே 82. பந்து கைக்கு வந்து 24 நொடிக்குள் எறியணும். மூணு புள்ளிக் கோடு இங்கே இன்னும் தள்ளி, நடுவில் 23 அடி 9 அங்குலம். கல்லூரியில் உயரத்தை வச்சே ஜெயிச்சவனுக்கு இங்கே எல்லாருமே உயரம். ஊரில் எல்லாப் பந்தும் தன் கைக்கே வந்து பழகினவன், இங்கே பந்து இல்லாமல் எங்கே நிற்கணும்னு புதுசாக் கத்துக்கணும்.

இதைக் கத்துக்க மூணு வேணும்னு எனக்குப் படுது: ஆட நேரம், தப்புப் பண்ண இடம், பக்கத்தில் ஒரு வாத்தியார்.

கவாய் லெனர்ட் கதையைப் பாருங்க. சான் டியேகோ ஸ்டேட்டில் ரெண்டு வருஷம், மூணு புள்ளி எறிகளில் நூற்றுக்கு 30கூட உள்ளே போகலை. 2011ல் 15ஆவதாகத் தேர்வாகி, சான் அன்டோனியோவுக்கு மாற்றப்பட்டார். அங்கே சிப் எங்கலண்ட் என்று எறிதலுக்கென்றே ஒரு வாத்தியார். முதல் சீசனிலேயே விகிதம் 37ஐத் தாண்டியது. 2014 இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் அவர்தான். 2019ல் சியாகம் பக்கத்தில் நின்னு மறுபடியும் அதே விருது வாங்கினதும் அவரேதான். ஜிம்மி பட்லர் 2011ல் 30ஆவது ஆள். முதல் சீசனில் ஆட்டத்துக்கு எட்டு நிமிஷம் சொச்சம்தான் களத்தில். 2015ல் "அதிகம் முன்னேறிய வீரர்" விருது.

சரி, பெஞ்ச்சில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஆட்ட நேரம் எங்கே கிடைக்கும்? அதுக்காகத்தான் 2001ல் எட்டு அணிகளோட ஒரு வளர்ச்சி லீக் ஆரம்பிச்சாங்க. 2005க்குப் பிறகு அணிகள் தங்கள் இளம் வீரர்களை அங்கே அனுப்பலாம்னு ஆச்சு. ரொம்ப நாள் அது அவமானமாத்தான் பார்க்கப்பட்டது, தண்டனைப் பணியிட மாற்றம் மாதிரி. இப்போ அதன் பேர் ஜி லீக்.

நம்ம சியாகம் அங்கே போனவர். முதல் சீசன் தொடக்கத்தில் டொராண்டோவின் ஆரம்ப ஐவரில் இருந்தார், அப்புறம் இடம் போச்சு. மிசிசாகாவில் இருக்கும் ராப்டர்ஸ் 905 என்ற துணை அணிக்கு அனுப்பினாங்க. பயிற்சியாளர் ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ், அவரே 1995ல் மூணாவதாகத் தேர்வான ஆள். 2017ல் அந்த அணி வளர்ச்சி லீக் கோப்பையை ஜெயித்தது, இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் சியாகம். அப்புறம் பெரிய அணியில் அவர் சராசரி 4.2, 7.3, 16.9னு ஏறினது. மூணு புள்ளி எறியில் 2017-18ல் நூற்றுக்கு 22, அடுத்த சீசனில் கிட்டத்தட்ட 37. ஒரு கோடைகாலத்தில் மாயமந்திரம் நடக்கலை. யாரும் பார்க்காத ஜிம்மில் எறிஞ்சுக்கிட்டே இருந்திருக்கார், அம்புட்டுதான். அன்னிக்கு அதே ஆட்டத்தில் 22 புள்ளி எடுத்த ஃபிரெட் வான்வ்லீட்டும் 905ல் காலம் தள்ளினவர். விச்சிட்டா ஸ்டேட்டில் நாலு வருஷம் ஆடியும் 2016 டிராஃப்டின் 60 பேரில் அவரை யாரும் எடுக்கவே இல்லை.

இப்போ காற்று திசை மாறிடுச்சு. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பேரை வச்சு விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாக் காசு கொடுக்கலாம். பள்ளி முடிச்ச பையன்களுக்காக 2020ல் தொடங்கின ஜி லீக் இக்னைட் அணியை 2024ல் இழுத்து மூடிட்டாங்க. கல்லூரியிலேயே காசு கிடைக்கும்போது அங்கே யார் போவா? பெஞ்ச்சில் உட்கார வேண்டியவன் கல்லூரியிலேயே இன்னும் ரெண்டு வருஷம் ஆடலாம், பட்டினி கிடக்காமல். ஐம்பது வருஷம் முன்னாடி பருத்திக்காட்டுப் பையனுக்கு இது கிடைச்சிருந்தா உச்ச நீதிமன்றம் வரை அலைஞ்சிருக்க வேண்டாம். ஆனா காசு கொடுக்கிற கல்லூரி, ஒரு சீசன் சொதப்பினா பையனை வச்சிருக்குமா? தப்புப் பண்ண இடம் அங்கேயும் குறைஞ்சுடுமோன்னு ஒரு பயம் எனக்கு உண்டு.

இவ்வளவையும் சொல்லி முடிச்சப்போ என் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. தம்பி கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ பெஞ்ச்சுல இருக்கறதுகூடக் கணக்குல வருமாண்ணே?"ன்னு கேட்டான். வெறுமனே உட்கார்ந்திருந்தா வராது, சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் கூடைக்கு அடியில் நின்னா வரும்னேன்.

அவன் என்.பி.ஏ.வுக்கெல்லாம் போகலை. கடைசி வருஷம் காலேஜ் டீமில் ஆரம்ப ஐவரில் ஒருத்தனா ஆடினான். அந்த ஒரு மேட்சுக்கு நான் ஆபீஸுக்கு லீவு போட்டுட்டுப் போனேன். ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் கோட்டை விட்டான், படுபாவி :-)