கடனாளிகளுக்குத் திறந்த கதவு



ஆலயத்தில் மாலைதோறும் பாடகர் குழுவின் பயிற்சி நடைபெற்று வருகிறது. கீத பவனிக்கான தெருக்களின் பட்டியலும் ஆயத்தமாகிவிட்டது. இவ்வாண்டும் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ‘அல்லேலூயா கோரஸ்’ பாடப்பட இருக்கிறது. அது இடம்பெற்றுள்ள ‘மெசியா’ என்னும் இசைக்கோவையை நாம் டிசம்பர் மாதத்திற்கு உரியதாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அது முதன்முதலில் பாடப்பட்டது பரிசுத்த வாரத்தில், சிறையிலிருந்த கடனாளிகளுக்காக. அந்த வரலாற்றை இவ்வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

1741ஆம் ஆண்டு. ஜெர்மனியில் பிறந்து இலண்டனில் வாழ்ந்துவந்த ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஹேண்டலின் இசைநாடகங்களுக்கு அந்நகரத்தார் முன்போல் வரவில்லை. அவ்வாண்டு அரங்கேறிய அவருடைய கடைசி இத்தாலிய இசைநாடகம் மூன்றே முறை மேடையேறி நின்றுபோயிற்று. அந்நிலையில், சார்ல்ஸ் ஜென்னன்ஸ் என்பவர் திருமறை வசனங்களை மட்டுமே தொடுத்துத் தந்த ஒரு பிரதி அவர் கைக்கு வந்தது. ஆகஸ்ட் 22இல் இசையமைக்கத் தொடங்கிய ஹேண்டல், செப்டம்பர் 14இல் முடித்தார். அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியாக இருந்த டெவன்ஷயர் கோமகனின் அழைப்பை ஏற்று, நவம்பர் 18ஆம் நாள் டப்ளின் நகரை அடைந்தார்.

வழியில் செஸ்டர் நகரில், காற்று எதிராக வீசியதால் கப்பலுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அங்கிருந்த உள்ளூர்ப் பாடகர்களைக் கூட்டித் தம் கோரஸ்களைச் சோதித்துப் பார்த்தார். அச்சுத் தொழிலாளி ஒருவர் பேஸ் குரலில் தடுமாறியதைக் கண்டு ஹேண்டல் சினந்தார். நோட்டைப் பார்த்துப் பாடத் தெரியும் என்றுதான் தாம் சொன்னதாகவும், முதல் பார்வையிலேயே பாடுவதாகச் சொல்லவில்லை என்றும் அவர் பதிலளித்தாராம். அப்போது அவ்வூரில் பள்ளிச் சிறுவராக இருந்து, பின்னாளில் இசை வரலாற்றாசிரியரான சார்ல்ஸ் பர்னி இதைப் பதிவுசெய்திருக்கிறார். நம் பாடகர் குழுவின் பேஸ் சகோதரர்கள் இதில் ஆறுதல் கொள்ளலாம்!

டப்ளினில் ஃபிஷாம்பிள் தெரு என்னும் பழைய மீன் கடைத் தெருவில் அவ்வாண்டுதான் புதிய இசை மண்டபம் ஒன்று திறக்கப்பட்டிருந்தது. அதைக் கட்டியது ஓர் இசைச் சங்கம். கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர்களை மீட்பது அச்சங்கத்தாரின் நோக்கம். அக்காலச் சட்டப்படி, சில பவுண்டு கடனைத் திருப்பித் தர இயலாதவரையும் கடன் கொடுத்தவர் சிறையில் அடைக்கலாம். சிறைக்குள் இருப்பவரால் உழைத்துச் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காமல் கடன் தீராது. கடன் தீராமல் கதவு திறக்காது. போதாக்குறைக்குச் சிறைக்காவலருக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். குடும்பம் வெளியே பட்டினி கிடக்கும். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், சிறு கடனுக்காகத் தன் உடன் வேலைக்காரனைச் சிறையில் போட்ட அந்த மனிதனை நாம் அறிவோம். அந்த உவமை டப்ளின் நகரில் அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது.

‘மெசியா’வைப் பாட அந்நகரில் இருந்த இரண்டு பேராலயங்களின் பாடகர்கள் தேவைப்பட்டனர்: கிறிஸ்து பேராலயம், புனித பேட்ரிக் பேராலயம். இரண்டாவதன் டீனாக இருந்தவர் ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட். 1742 ஜனவரி இறுதியில் அவர் கடுமையான உத்தரவு ஒன்றை எழுதினார். ஃபிஷாம்பிள் தெருவின் வயலின்காரர்கள் கூட்டத்தில் தம் பாடகர்கள் எவரும் பாடக் கூடாது. அதற்குத் தாம் அனுமதி தந்ததாகச் சொல்வதும் பொய் என்றார்.

ஸ்விஃப்டை எளிதாகப் பழித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு, நினைவாற்றல் தளர்ந்துகொண்டிருந்தது. ஏழைத் தொழிலாளிகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கத் தம் சொந்தப் பணத்தில் 500 பவுண்டு ஒதுக்கிவைத்திருந்தவர் அவர். ஏழையின் கடன்சுமையை அவர் அறியாதவர் அல்லர். பரிசுத்தமானது சந்தையில் கலந்துவிடுமோ என்று அஞ்சினார். நானும் ஒருமுறை அதே அச்சத்தால், நம் இளைஞர்கள் பொது மேடையில் பாட அனுமதி மறுத்திருக்கிறேன். அன்று யாருக்காகப் பாடப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்திருந்தால் என் தீர்ப்பு மாறியிருக்கக் கூடும்.

டப்ளினில் தடை விலகியது. இரு பேராலயங்களின் ஆண்களும் சிறுவர்களும் சேர்ந்து பாட இசைந்தனர். மத்தேயு டூபர்க் வயலின் குழுவை நடத்தினார். பாடகிகளுள் ஒருவர் சுசன்னா சிப்பர். அவருடைய மண வாழ்க்கையின் வழக்கு நீதிமன்றத்திலும் செய்தித்தாள்களிலும் ஏறி இறங்கி, இலண்டனில் அவர் தலைநிமிர்ந்து நடக்க முடியாதபடி செய்திருந்தது. ஏசாயா 53இல் அசட்டைபண்ணப்பட்டவரைப் பற்றிய பாடல் அவருக்கே கொடுக்கப்பட்டது. அதைக் கேட்ட ஓர் ஆயர் எழுந்து நின்று, இப்பாடலுக்காக அவளுடைய பாவங்கள் யாவும் மன்னிக்கப்படட்டும் என்று உரக்கச் சொன்னதாக வழிவழியாகக் கூறுவர். பாவமன்னிப்பு ஒரு பாடலுக்குக் கிடைக்கும் கூலி அன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும், அசட்டைபண்ணப்பட்ட ஒருத்தியின் வாயிலிருந்து அவ்வார்த்தைகள் வந்தபோது அதன் பொருள் அவருக்குப் புதிதாய் விளங்கியிருக்க வேண்டும்.

1742 ஏப்ரல் 13, பரிசுத்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை, நண்பகல். இடம் போதாது என்பதால், பெண்கள் வளையம் வைத்த அகன்ற பாவாடைகளைத் தவிர்த்தும் ஆண்கள் வாள் அணியாமலும் வரும்படி முன்னரே விளம்பரம் செய்திருந்தனர். ஏறக்குறைய 700 பேர் நெருங்கி அமர்ந்தனர். திரண்ட தொகை சுமார் 400 பவுண்டு. ஹேண்டலும் பாடகர்களும் வயலின் குழுத் தலைவரும் ஊதியம் வாங்கவில்லை. தொகை மூன்று சம பங்காகப் பிரிக்கப்பட்டது: இரண்டு பங்கு ஏழைகளுக்கான இரு மருத்துவமனைகளுக்கு, ஒரு பங்கு சிறையிலிருந்த கடனாளிகளுக்கு. அதன் பயனாக 142 பேர் விடுதலை பெற்றதாகக் கூறப்படுகிறது.

அந்த 142 பேரும் இசை மண்டபத்தில் இல்லை. ‘அல்லேலூயா’வை அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது சிறைக்கதவின் பூட்டுத் திறக்கும் ஓசையை மட்டுமே. அவர்களைப் பொறுத்தவரை அதுவே அன்றைய சங்கீதம்.

அன்பானவர்களே, நாசரேத்தூர் ஜெப ஆலயத்தில் நம் ஆண்டவர் தம் ஊழியத்தைத் தொடங்கியபோது, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலையைக் கூறவே தாம் அனுப்பப்பட்டதாக அறிவித்தார் (லூக்கா 4). ஆண்டவர் கற்பித்த ஜெபத்திலோ நம் தமிழ் வேதாகமம் ‘கடன்’, ‘கடனாளிகள்’ என்னும் சொற்களையே ஆள்கிறது (மத்தேயு 6:12). ஒவ்வொரு ஞாயிறும் அச்சொற்களை நம் நாவு சொல்லுகிறது. அதே வாரத்தில் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் சகோதரி, மகளின் கல்விக் கட்டணத்திற்காகத் தாலிச் சங்கிலியை அடகு வைத்திருக்கலாம். வாரத் தவணைக்காரர் வாசலில் நிற்பார் என்பதற்காகவே ஒரு சகோதரர் வீடு திரும்பாமல் இருக்கலாம். இன்றைய சிறைகளுக்குச் சுவர் இல்லை. ஆயினும் அவை சிறைகளே.

ஆகவே ஒரு விண்ணப்பம். வழக்கமாகக் கீத பவனியின் காணிக்கையை அலங்கார விளக்குகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் விருந்துக்கும் செலவிடுகிறோம். இவ்வாண்டு அதில் மூன்றில் ஒரு பங்கை, நம் சேகரத்தில் கடன்சுமையால் நசுங்கும் குடும்பங்களுக்கென ஒதுக்கும்படி சேகரக் கமிட்டியில் கேட்கவிருக்கிறேன். யாருக்குக் கொடுத்தோம் என்று எவரும் அறிய வேண்டியதில்லை. பவனியில் பாடுவோர் அறிந்தால் போதும், தங்கள் குரல் எங்கோ ஒரு பூட்டைத் திறக்கிறது என்று. கமிட்டி உறுப்பினர்களே, இதை ஜெபத்தோடு எண்ணிப் பாருங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பெரிய கடனை மன்னித்த பிதாவே, எங்கள் பாட்டு எங்கள் செவிகளை மட்டும் மகிழ்வித்து நின்றுவிடாதபடி காத்தருளும். கட்டுண்டவரின் வீட்டு வாசல் வரைக்கும் அது செல்லட்டும். தலைகுனிந்திருப்போரை நாங்கள் அசட்டைபண்ணாதிருக்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.