கசிந்துவிட்டதா, கசியவிட்டார்களா?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் ஓய்ந்து சில நாள் ஆகியிருந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கசிவு என்று ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, லோடு ஏத்த வந்த லாரிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கசியலண்ணா, வுட்டுட்டாங்க."

இந்த ‘வுடு’தான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. வடசென்னையில் இது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. காத்தாடி வுடுவான், வலை வுடுவான், பீலா வுடுவான், கடைசியில் அம்போன்னு வுட்டுட்டும் போவான். எழுத்தில் ‘விடு’. விடுதலை, விடுப்பு, விடுதி எல்லாம் இதன் பிள்ளைகள். அறம், பொருள், இன்பம், வீடு என்கிறோமே, அந்த வீடும் இதிலிருந்து வந்ததுதான்.

ஆங்கிலத்தில் ஒரே காரியத்துக்கு வினைச்சொற்கள் வரிசை கட்டி நிற்கும். ரிலீஸ், டிஸ்சார்ஜ், எமிட், லீக், ஸ்பில், எஸ்கேப். டிஸ்சார்ஜ் என்பது இந்தப் பக்கம் பல வேலை செய்கிற சொல். ஆஸ்பத்திரியில் நோயாளி டிஸ்சார்ஜ், துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு டிஸ்சார்ஜ், ஆலையிலிருந்து கழிவுநீரும் டிஸ்சார்ஜ். இந்தச் சொற்களில் ஒவ்வொன்றும் செய்தவரை ஒவ்வொரு தூரத்தில் நிறுத்துகிறது. டிஸ்சார்ஜ் என்றால் குழாய்க்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள். லீக் என்றால் குழாய் மட்டும்தான். எஸ்கேப் என்றால் பொருளே தப்பி ஓடிவிட்டது, நாம் என்ன செய்ய?

இந்த எஸ்கேப்புக்குச் சட்டத்தில் ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். தண்ணீர் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் வழியாக இறங்கி, பக்கத்தில் ஃபிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது தப்பினால் பொறுப்பேற்க வேண்டும் என்று 1868-இல் பிரபுக்கள் சபை உறுதி செய்தது. அந்த விதியில் விலக்குகளும் உண்டு. இயற்கைச் சீற்றம் என்றால் தப்பிக்கலாம். வேறு யாரோ செய்தது என்றாலும் தப்பிக்கலாம்.

நம் ஊர் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. அதன் 24-ஆம் பிரிவு, நச்சுப் பொருள் நீரோடையில் சேரும்படி தெரிந்தே செய்வதையும் தெரிந்தே அனுமதிப்பதையும் தடுக்கிறது. செய்வது, அனுமதிப்பது என்று ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் தேவைப்பட்டிருக்கின்றன. தமிழில் ‘விடு’ ஒன்றே போதும். ஓடவிட்டான் என்றால் ஓட வைத்தான் என்றும் எடுக்கலாம், ஓடட்டும் என்று சும்மா இருந்தான் என்றும் எடுக்கலாம்.

சிக்கல் இங்கேதான். இதே ‘விடு’ இன்னொரு துணைவினையாகவும் வரும். கசிந்துவிட்டது என்றால் காரியம் முடிந்துபோனது, ஆள் யாரும் இல்லை. கசியவிட்டது என்றால் ஆள் வந்துவிடுகிறார். கசிந்து, கசிய. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் வழக்கு முழுக்க அதற்குள் இருக்கிறது. ‘ஆற்றில் எண்ணெய் கலந்தது’ இன்னும் வசதியான வாக்கியம். தானாகக் கலந்தாலும் ஆலை கலந்தாலும் வினைமுற்று மாறாது!

1984-இல் போபால். மறு வருடம், 1985 டிசம்பர் 4, டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு. 1986 டிசம்பர் 20-ஆம் தேதி நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, ஆபத்தான தொழில் செய்பவருக்கு 1868-இன் விலக்குகள் எதுவும் கிடையாது என்றது. வாயு ‘எஸ்கேப்’ ஆனது என்ற சொல் தீர்ப்பிலும் இருக்கிறது. ஆனால் அதில் ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் போனது. என்னைக் கேட்டால் கசிந்ததா, கசியவிட்டதா என்ற கேள்வியையே நீதிமன்றம் அன்று ஓரம் கட்டிவிட்டது.

செய்திக்குறிப்புகளுக்கு அது எட்டவில்லை. 2017 ஜனவரி 28 விடிகாலையில் எண்ணூர் அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு இல்லை என்பதுதான் துறைமுகத்தின் முதல் அறிவிப்பு. அடுத்த நாட்களில் எர்ணாவூர் கரையில் ஆட்கள் பக்கெட்டில் எண்ணெய்ச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2023-இல் குழாய்களில் கசிவு இல்லை என்றது மணலி சி.பி.சி.எல். ஆலை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது, ஆலையின் மழைநீர் மேலாண்மை போதாது என்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும், கவனித்தீர்களா? குழாய் கசியாமலே எண்ணெயைக் கசியவிட முடியும்.

ஏரித் தண்ணீருக்கு மட்டும் இந்தக் குழப்பம் கிடையாது. புழல் உபரிநீரைத் திறந்துவிடும்போது சடையங்குப்பம் பக்கத்துக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வரும், இத்தனை கன அடி என்ற கணக்கோடு. திறந்துவிட்டது பொதுப்பணித்துறை, இப்போது நீர்வளத்துறை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

அதே 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா. கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து கடலடியில் வரும் குழாய். மூச்சு முட்டி ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நிறுவனம் தந்த விளக்கத்தில் கசிவு என்றுகூட வரவில்லை. குழாயில் வழக்கத்துக்கு மாறான ஒரு நிலையைக் கவனித்தோம் என்று இருந்தது. கவனித்தது மட்டும்தான் அவர்கள் செய்த வினை.