ஓபன்டோஃபுவும் புலுமியும்: எழுதியவர் போன பிறகு படிப்பது யார்?

புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்தில் கணினி படித்தவர்களுக்குத் திருவனந்தபுரம் டெக்னோபார்க் பேருந்தில் போய்வரும் தூரம்தான். அங்கே ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறவர்கள் ஏராளம். ஊரிலிருந்தபடியே பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் செய்துகொடுக்கும் சிறு குழுக்களிலும் ஆள் மாறிக்கொண்டேதான் இருக்கும். சர்வரோ நிற்காமல் ஓட வேண்டும். கிளவுட் கன்சோலில் கையால் ஒவ்வொன்றாக அழுத்தி அமைத்த சர்வர் என்றால், அதன் விவரம் அமைத்தவரின் நினைவோடு போய்விடும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அலுவலக மூலையில் ஒரு சர்வரை வைத்துத் தொழில் நடத்துவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது தெரிந்தது. அதற்காகக் கிளவுட் அழியாதது என்றும் நம்பிவிட முடியாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தே போனது. சர்வர், வலையமைப்பு, தரவுத்தளம், அனுமதிகள் என எல்லாவற்றின் அமைப்பையும் உரைக்கோப்பாக எழுதி வைத்திருந்தால், மும்பையில் இருந்ததை ஹைதராபாத்தில் மீண்டும் எழுப்பலாம். தரவின் நகலை மட்டும் தனியாகப் பாதுகாக்க வேண்டும். அமைப்பை இப்படி எழுதிவைக்க உதவும் கட்டற்ற கருவிகளில் ஓபன்டோஃபு, புலுமி இரண்டையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் போன பிறகு, புதிதாக வருபவர் எதை நம்பித் தொட முடியும் என்பதே என் அளவுகோல்.

வந்த வழி

ஹாஷிகார்ப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட டெராஃபார்ம்தான் ஓபன்டோஃபுவின் தாய். ஒன்பது ஆண்டுகள் கட்டற்ற உரிமத்தில் இருந்த அந்தக் கருவியை 2023 ஆகஸ்டில் பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் என்ற கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு நிறுவனம் மாற்றியது. சொந்த சர்வர்களை நிர்வகிக்க அதைப் பயன்படுத்துவோருக்குப் பெரிய தடை எதுவும் வரவில்லை. ஹாஷிகார்ப்போடு போட்டியிடும் சேவையை அதன்மேல் கட்டி விற்பவர்களுக்குத்தான் வழி அடைபட்டது. அவர்களில் சிலர் சேர்ந்து, பழைய உரிமத்தில் கிடைத்த நிரலிலிருந்து கிளை பிரித்தார்கள். 2023 செப்டம்பரில் லினக்ஸ் அறக்கட்டளை அந்தக் கிளையை ஓபன்டோஃபு என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. 2024 ஜனவரியில் ஓபன்டோஃபு 1.6 வெளிவந்தது. ஹாஷிகார்ப்பை 2025 பிப்ரவரியில் ஐபிஎம் வாங்கி முடித்தது.

புலுமி வேறு வழியில் வந்தது. மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய ஜோ டஃபி, எரிக் ரடர் இருவரும் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம் 2018 ஜூனில் அதைப் பொதுவில் வைத்தது. சர்வர் அமைப்பை எழுதத் தனி மொழி எதற்கு, பைத்தானிலும் டைப்ஸ்கிரிப்டிலும் எழுதினால் என்ன என்பது அவர்கள் கேட்ட கேள்வி.

மொழி

வேறுபாடுகளில் பெரியது மொழிதான். ஓபன்டோஃபுவில் எழுதுவது ஹெச்சிஎல் என்ற சிறிய விவரிப்பு மொழி. இன்ன இடத்தில் இத்தனை அளவில் ஒரு சர்வர் வேண்டும் என்று கட்டங்கட்டமாக எழுதிப் போகலாம். வேண்டும் என்று எழுதியதை ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டு, குறைவதைக் கருவி உருவாக்கும். புலுமியில் அதையே பைத்தான், டைப்ஸ்கிரிப்ட், கோ, சி ஷார்ப், ஜாவா ஆகிய மொழிகளில் எழுதலாம். எழுதும் விதம் மாறினாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: நிரல் ஓடி வேண்டியவற்றின் பட்டியலைத் தருகிறது, இருப்பதோடு அதை ஒப்பிட்டுக் கருவி வேலை செய்கிறது. அமேசான் கிளவுடோடு பேச உதவும் புலுமியின் முதன்மை இணைப்பியே டெராஃபார்ம் இணைப்பியின் மேல் கட்டப்பட்டதுதான்.

கல்லூரியில் பைத்தான் படித்த பிள்ளைக்குப் புலுமி முதல் நாளே பழகிய முகமாகத் தெரியும். ஒரு கடையின் ஐந்து கிளைகளுக்கு ஐந்து தரவுத்தளம் வேண்டுமென்றால் வழக்கமான சுழற்சி போதும். பழகிய சோதனைக் கருவிகளை வைத்தே நிரலைச் சோதிக்கலாம். இவையெல்லாம் உண்மையான பலங்கள். முழு மொழி கையில் இருப்பதால் ஒரே காரியத்தை ஆளுக்கொரு விதமாக எழுதவும் முடியும். ஒருவர் வகுப்புகளை அடுக்குவார். இன்னொருவர் எல்லாவற்றையும் ஒரே செயற்கூற்றில் திணிப்பார். அடுத்து வருபவர் கிளவுடைப் புரிந்துகொள்ளும் முன் முன்னவரின் நிரலெழுதும் பாணியைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். சர்வரின் முகவரி போல, உருவான பிறகே தெரியவரும் மதிப்புகளுக்கும் புலுமியில் தனிக் கையாளல் உண்டு. அந்த மதிப்பு வந்த பிறகே இன்னொன்றை உருவாக்கும்படி எழுதினால், செய்யப்போவதை முன்கூட்டியே காட்டும் முன்னோட்டத்தில் அந்த இன்னொன்று தெரியாமல் போகலாம்.

ஹெச்சிஎல்லில் இத்தனை சுதந்திரம் இல்லை. அதனாலேயே பத்துப் பேர் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கும். ஆனால் அதற்கும் பொறிகள் உண்டு. பட்டியலின் வரிசை எண்ணை வைத்துப் பல சர்வர்களை உருவாக்கிவிட்டு, நடுவில் ஒன்றை நீக்கினால் அடுத்தவை எல்லாம் இடம் மாறித் தேவையற்ற அழிப்பும் ஆக்கமும், செய்யப்போவதைக் கருவி முன்கூட்டியே காட்டும் திட்டத்தில் வந்து நிற்கும். வரிசை எண்ணை விட்டுப் பெயரைக் கொண்டு உருவாக்கினால் இந்தச் சிக்கல் வராது.

கைவைத்த மாற்றம்

அவசரத்தில் யாரோ கன்சோலுக்குள் போய் ஃபயர்வால் விதியைத் திறந்துவிட்டு மறந்துவிடுவது சிறு குழுக்களில் நடப்பதுதான். ஓபன்டோஃபுவில் திட்டம் கேட்டால், அது முதலில் கிளவுடில் உள்ள உண்மை நிலையைப் பார்த்துவிட்டு வேறுபாட்டைக் காட்டும். புலுமியின் முன்னோட்டம் தானாக அப்படிப் பார்ப்பதில்லை. புதுப்பிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய வரலாறு தெரியாமல் புதிதாக வருபவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

ஸ்டேட் ஃபைல்

எதையெல்லாம் உருவாக்கினோம் என்ற கணக்கை இரண்டு கருவிகளும் ஸ்டேட் ஃபைலில் வைக்கின்றன. தொலைந்தால் கருவிக்குத் தன் கையால் கட்டியதே தெரியாமல் போகும். தவறான கையில் சிக்கினால் அதில் உள்ள கடவுச்சொற்களும் போகும். ஓபன்டோஃபு இதைத் தானாகக் கணினியிலேயே மறையாக்கம் இல்லாமல் சேமிக்கும். மறையாக்க வசதி 2024இல் வந்த 1.7 பதிப்பில் சேர்ந்தது. அதை நாம்தான் இயக்க வேண்டும். புலுமியில் ரகசியம் என்று குறித்த மதிப்புகள் தானாகவே மறையாக்கத்தோடுதான் சேமிக்கப்படும். இந்த இடத்தில் புலுமி ஒரு படி மேல்.

ஆனால் புலுமி தானாக நாடுவது தன் நிறுவனத்தின் கிளவுட் சேவையை. கணக்கு நம் கையில் இருக்க வேண்டுமென்றால் நம் கணினியிலோ நம் சேமிப்பகத்திலோ வைக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கருவியானாலும் மறையாக்கச் சாவி ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. அவர் விலகும் நாளில் ஸ்டேட் ஃபைல் இருந்தும் இல்லாததாகிவிடும்.

உரிமம்

ஓபன்டோஃபுவின் உரிமம் மொசில்லா பொது உரிமம் 2.0, புலுமியுடையது அப்பாச்சி 2.0. இரண்டும் கட்டற்றவை. ஆனால் டெராஃபார்மும் 2023 வரை அப்படித்தான் இருந்தது. ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் மென்பொருளின் அடுத்த பதிப்பு எந்த உரிமத்தில் வரும் என்பது அந்த நிறுவனத்தின் முடிவு. புலுமி அந்த நிலையில்தான் இருக்கிறது. ஓபன்டோஃபுவைப் பல நிறுவனங்கள் சேர்ந்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் நடத்துகின்றன. 2025இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளையும் அதைச் சேர்த்துக்கொண்டது. தனியொருவர் உரிமத்தை மாற்றிவிட முடியாது என்ற உறுதி பத்தாண்டு ஓட வேண்டிய அமைப்புக்குத் தேவையானது.

யாருக்கு எது

சர்வர் அமைப்பு தங்கள் விற்பனைப் பொருளின் ஒரு பகுதியாகவே இருக்கும் குழுக்களுக்குப் புலுமி பொருந்தும். வாடிக்கையாளர் சேர்ந்தவுடன் அவருக்கெனத் தனி அமைப்பு எழும்ப வேண்டும் என்பது போன்ற வேலைகளில் முழு மொழியின் வலிமை தேவைப்படும். நிரலை ஒருவர் எழுத இன்னொருவர் சரிபார்க்கும் ஒழுங்கும் அங்கே இருக்க வேண்டும்.

இரண்டு மூன்று பேரைக் கொண்டு, ஆள் மாறும் வேகத்தில் ஓடும் நம் பகுதிக் குழுக்களுக்கும், சில சர்வர்களை நம்பியிருக்கும் பள்ளி, மருத்துவமனை, கூட்டுறவு அமைப்புகளுக்கும் ஓபன்டோஃபுவே நல்லது என்பது என் முடிவு. ஸ்டேட் ஃபைலை மறையாக்கி, நகல் வசதியுள்ள பொதுச் சேமிப்பகத்தில் வைத்து, சாவியை இருவர் பொறுப்பில் கொடுத்துத் தொடங்குங்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். அந்த நிரலை எழுதாத ஒருவரிடம் கோப்புகளையும் ஒரு காலிக் கிளவுட் கணக்கையும் கொடுங்கள். எழுதியவரை எதுவும் கேட்காமல் முழு அமைப்பையும் அவரே எழுப்பட்டும். எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே இன்னும் ஏதோ ஒன்று ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. அதை அன்றைக்கே கோப்பில் எழுதுங்கள்.