தேயிலைக்கு அப்பால்: இலங்கையின் ஏற்றுமதிப் பன்முகப்படுத்தலும் மலையகத்தின் பங்கும்

ஒரு நாடு தனக்கு வேண்டிய வெளிநாட்டுச் செலாவணியின் பெரும்பகுதியை ஒரே பொருளை விற்றுத் தேடுமாயின், அந்நாட்டு மக்களின் வாழ்வும் தாழ்வும் அப்பொருளின் சந்தை விலையோடு பிணைக்கப்பட்டுவிடும். இதற்கு எடுத்துக்காட்டாகப் பொருளியலாளர் பெரும்பாலும் எண்ணெய் நாடுகளையே சுட்டுவர். ஒரு காலத்தில் நிலக்கடலையும் கொக்கோவும் பாமெண்ணெயும் ஏற்றுமதி செய்த நைஜீரியா, 1970களில் ஏறத்தாழ முற்றாக எண்ணெயையே நம்பி நின்றது. பழைய பயிர்கள் கவனிப்பாரின்றித் தேய்ந்தன. இந்தோனேசியாவோ 1983, 1986 ஆகிய ஆண்டுகளில் நாணய மதிப்பிறக்கம் செய்து, ஒட்டுப்பலகை, துணி, ஆடை முதலியவற்றின் ஏற்றுமதியை ஊக்குவித்து, 1980களின் பிற்பகுதியில் எண்ணெய் சாரா ஏற்றுமதி எண்ணெயை விஞ்சும் நிலையை அடைந்தது.

இலங்கையில் எண்ணெய்க் கிணறுகள் இல்லை. ஆயினும் நெடுங்காலம் தேயிலையே இந்நாட்டின் எண்ணெயாக இருந்தது. 1948 இல் சுதந்திரம் பெற்றபோது தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றுமே ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 90 வீதத்தை ஈட்டின. அவற்றுள் தேயிலையே தலையாயது. எனவே தேயிலை சாரா ஏற்றுமதியை வளர்ப்பது எவ்வாறு என்னும் வினா, எண்ணெய் நாடுகளின் வினாவை ஒத்ததே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. எண்ணெய் அகழ்வில் ஈடுபடுவோர் தொகை சிறிது. எண்ணெய் வருமானத்தில் அரசு கைவைத்தால் பெருந்தொகையான மக்களின் நாட்கூலி அதனால் குறைவதில்லை. தேயிலையோ இலட்சக்கணக்கானோரின் கையுழைப்பால் விளைவது. ஆகவே இங்கு, புதிய ஏற்றுமதிகளை வளர்ப்பதற்கான செலவை ஏற்றவர் யார், அதன் பயனைப் பெற்றவர் யார் என்று வினவுதல் இன்றியமையாததாகின்றது. நோர்வூட் போன்ற தோட்டப்புற நகரொன்றிலிருந்து நோக்குவோர்க்கு இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று.

ஒற்றைப் பொருளின் மரபு

ஒரு பொருளையே நம்பி வாழ்தல் தேயிலையோடு தொடங்கியதன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கறுவாவுக்காகவே இத்தீவின் கரையோரத்தைப் பற்றி நின்றனர். ஆங்கிலேயர் காலத்தில் கோப்பி அவ்விடத்தைப் பிடித்தது. 1869 இல் முதன்முதலாக இங்கு இனங்காணப்பட்ட இலைநோய், இரு தசாப்தங்களுக்குள் கோப்பியை அழித்தது. துரைமார் பலர் சிங்கோனா மரத்தை நாடினர். 1880களில் அதன் பட்டை பேரளவில் ஏற்றுமதியாயிற்று. யாவாத் தீவின் உற்பத்தியும் சேர்ந்து சந்தையை நிரப்பவே விலை வீழ்ந்து அம்முயற்சியும் முடிந்தது. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலையே எஞ்சி நிலைத்தது.

டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகள் கோப்பிக் காலத்தின் பிற்பகுதியிலேயே காடழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. 1884 இல் புகையிரதம் அட்டனை அடைந்தது. அட்டனிலிருந்து டிக்கோயா வழியே வரும் பாதை, நோர்வூட்டில் பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்குமாகப் பிரிகின்றது. இப்பாதைகளும் புகையிரதமும் தோட்ட விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவும், அரிசியையும் ஆட்களையும் தோட்டங்களுக்குக் கொண்டு வரவுமே அமைந்தன. இப்பகுதியில் பிறிதொரு தொழில் வளரவேண்டும் என்னும் எண்ணம் அவற்றை அமைத்தோர்க்கு இருந்ததில்லை.

பன்முகப்படுத்தலின் தேவை

1950களின் முற்பகுதியில் கொரியப் போரால் இறப்பர் விலையும், 1954-55 இல் தேயிலை விலையும் உயர்ந்தபோது குறை தெரியவில்லை. 1960களில் நிலை மாறிற்று. கென்யா முதலிய கிழக்காபிரிக்க நாடுகளின் தேயிலை சந்தைக்கு வந்தது. பிரித்தானியரின் தேநீர் நுகர்வோ அதற்கேற்ப வளரவில்லை. 1965 இல் இலங்கை இந்தியாவை முந்தி உலகின் முதலாவது தேயிலை ஏற்றுமதி நாடாயிற்று. அவ்வாண்டின் உற்பத்தி சுமார் 22 கோடி 80 இலட்சம் கிலோகிராம். ஆனால் கூடுதலாக விற்றும் வருமானம் கூடவில்லை. அரிசி, மா, சீனி, துணி யாவும் இறக்குமதியாகிய நாட்டில் இது பெரும் நெருக்கடியாகும்.

ஆகவே தேயிலைக்கு அப்பால் வேறு ஏற்றுமதிகளைத் தேடியமை தவறென எவரும் கூறவியலாது. தேயிலைக் காணிகளிற் பெரும்பகுதி அக்காலத்தில் பிரித்தானியக் கம்பனிகளின் வசமிருந்தமையால், அவற்றின் இலாபத்தில் அரசு பங்கு கேட்டமையும் நியாயமே. நாம் ஆராயவேண்டியது தேர்ந்தெடுக்கப்பட்ட வழியையே.

இரட்டை நாணய மாற்று

1967 நவம்பரில் ரூபாய் 20 வீதம் மதிப்பிறக்கப்பட்டது. அடுத்து 1968 மே மாதத்தில் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் வெளிநாட்டுச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறையை நடைமுறைப்படுத்தியது. இதன்படி அத்தியாவசியமல்லாப் பொருள்களை இறக்குமதி செய்வோர், செலாவணிக்கு மேலதிகமாக 44 வீதம் செலுத்திச் சான்றிதழ் பெறவேண்டும். புதிய ஏற்றுமதியாளர்க்கோ அவ்வீதம் மேலதிக வருமானமாகக் கிட்டும். இவ்வீதம் 1969 இல் 55 ஆகவும் பின்னர் 65 ஆகவும் உயர்த்தப்பட்டது. தேயிலை, இறப்பர், பிரதான தெங்குப் பொருள்கள் ஆகியவை இச்சலுகைக்குப் புறம்பாக வைக்கப்பட்டன.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். அன்று ஒரு டொலரின் உத்தியோகபூர்வ மாற்று வீதம் 5 ரூபாய் 95 சதம். சான்றிதழ் வீதம் 55 ஆக இருந்தபோது, பாரம்பரியமற்ற பொருளொன்றை 100 டொலருக்கு விற்றவர் ஏறத்தாழ 922 ரூபாய் பெற்றார். 100 டொலருக்குத் தேயிலை விற்ற தோட்டமோ 595 ரூபாயே பெற்றது. அதிலிருந்தே ஏற்றுமதித் தீர்வையும் செலுத்தவேண்டியிருந்தது. ஒரே டொலருக்கு இரு விலைகள். அவற்றுக்கிடைப்பட்ட 327 ரூபாய், சட்டப் புத்தகத்தில் வரியென்று எழுதப்படாத வரியாகும்.

உலகச் சந்தையின் விலையைத் தோட்டம் நிர்ணயிக்க முடியாது. எனவே இச்சுமை தோட்டத்துக்குள்ளேயே பங்கிடப்பட்டது. கம்பனிகளின் இலாபம் குறைந்தது, பழைய செடிகளைப் பிடுங்கி மீள்நடுகை செய்யும் ஆர்வம் குன்றியது, லயங்கள் திருத்தப்படவில்லை, கூலி உயர்வுக் கோரிக்கைகளுக்குப் 'பணமில்லை' என்னும் மறுமொழி எளிதிற் கிடைத்தது.

வாக்கற்றோர் செலுத்திய வரி

நெல்விவசாயி மீதோ நகரத் தொழிலாளர் மீதோ இத்தகைய சுமையை ஏற்ற எந்த அரசாங்கமும் தயங்கியிருக்கும். தோட்டத் தொழிலாளர் பொருட்டு அத்தயக்கம் எழாமைக்குரிய காரணம் வரலாற்றில் உள்ளது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் 7 உறுப்பினர்கள் தெரிவாயினர். மஸ்கெலியாவும் அத்தொகுதிகளுள் ஒன்று. 1948 பிரசாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியரென எண்ணிப் பிரித்தது. 1977 இல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகச் சௌ. தொண்டமான் தெரிவாகும்வரை, தேர்தலில் வென்ற குரலொன்று இம்மக்கள் சார்பில் நாடாளுமன்றத்தில் ஒலிக்கவில்லை. சான்றிதழ் முறை நடைமுறையிலிருந்த 1968-1977 காலப்பகுதி, இந்த நெடிய மௌனத்தின் இறுதிப் பகுதியோடு பொருந்துகின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

1970களின் முற்பகுதியில் புதிய ஏற்றுமதிகளுக்கான ஏற்பாடுகள் பெருகின. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1972 இல், ஈட்டிய செலாவணியின் ஒரு பங்கை ஏற்றுமதியாளரே பயன்படுத்த உதவும் மாற்றத்தகு ரூபாய்க் கணக்கு முறை வந்தது. அதே ஆண்டில் கறுவா, மிளகு, ஏலம், கராம்பு முதலியவற்றுக்கெனச் சிறு ஏற்றுமதிப் பயிர்கள் திணைக்களம் உருவாயிற்று. இவற்றின் பயன் இரத்தினக்கல் வணிகரையும், காணியுடைய சிறு விவசாயியையும் சென்றடைந்தது. லயத்து அறையன்றிச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலமும் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு, மிளகுக்கொடி நடுவதற்கான மானியம் எவ்வகையிற் பயன்படும்?

1973 இல் எண்ணெய் விலை உயர்ந்தது. உணவுப் பொருள்களின் விலையும் உயர்ந்தது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. விளைநிலமற்ற தோட்டப்புறத்தையே பஞ்சம் கடுமையாகத் தாக்கிற்று. 1974 இல் தோட்டங்களின் இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. நாட்டின் உணவு இறக்குமதிக்கான செலாவணியைத் தேடித் தந்தவர்களே உணவின்றி மடிந்தனர். அடுத்த ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டன. உரிமையாளர் மாறினர், தொழிலாளியின் நிலை பெரிதும் மாறவில்லை. 1980 இல் தேயிலை உற்பத்தி சுமார் 19 கோடி கிலோகிராமாகச் சுருங்கியிருந்தது.

1977க்குப் பின்னர்

1977 நவம்பரில் இரட்டை மாற்று வீதம் நீக்கப்பட்டு, டொலரின் விலை ஏறத்தாழ 16 ரூபாயாக ஒருமைப்படுத்தப்பட்டது. தேயிலைக்கு இழைக்கப்பட்ட அநீதி நீங்கியதாகத் தோன்றினும், கிடைத்த மேலதிக ரூபாயின் பெரும்பகுதியை உயர்த்தப்பட்ட ஏற்றுமதித் தீர்வை உறிஞ்சிக்கொண்டது. 1978 இல் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவின்கீழ் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிற்று. 1979 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை உருவாயிற்று. மேலைநாடுகள் 1974 முதல் நடைமுறைப்படுத்திய பல்நார் உடன்படிக்கையின் பங்கீட்டு முறையால் ஹொங்கொங் முதலிய இடங்களின் ஆடைத் தொழில்கள் இடம்பெயர, இலங்கை அவற்றுக்குப் புகலிடமாயிற்று. 1986 இல் ஆடை ஏற்றுமதி வருமானம் தேயிலையை முந்தியது.

இது பெருஞ்சாதனையே. ஆயினும் இரு குறைகளைச் சுட்டுதல் வேண்டும். முதலாவது, ஆடைக்குரிய துணி, நூல், பொத்தான் முதலியவை இறக்குமதியாவன. ஆடை ஈட்டும் டொலரில் கணிசமான பங்கு மீண்டும் வெளியேறிவிடும். தேயிலையின் டொலரோ பெரும்பாலும் நாட்டிலேயே தங்குவது. இரண்டாவது, புதிய தொழில்கள் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் அண்டியே வளர்ந்தன. 1992 இல் பிரேமதாச அரசாங்கம் கிராமங்களில் 200 ஆடைத் தொழிற்சாலைகளை நிறுவும் திட்டத்தைத் தொடங்கியபோது இத்தொழில் உள்நாட்டுக்குள் பரவிற்று. மலைநாட்டு நகரங்கள் சிலவும் தொழிற்சாலைகளைக் கண்டன. எனினும் நோர்வூட் சூழலின் முதன்மைத் தொழில் கொழுந்து பறித்தலாகவே நீடித்தது. இங்குள்ள இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும், யுவதியர் கட்டுநாயக்கவுக்கும், தாய்மார் மத்திய கிழக்குக்கும் சென்றனர். 1973 இல் விலையேற்றத்தால் இம்மக்களை வாட்டிய அதே எண்ணெய், பின்னர் அவர்களை வீட்டுப் பணியாளராக அழைத்துக்கொண்டது.

வரலாறு தரும் பாடம்

இன்று நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் தேயிலையின் பங்கு பத்தில் ஒன்றளவே. எண்ணிக்கையளவில் இலங்கை பன்முகப்படுத்தலில் வெற்றி கண்டுள்ளது. ஆனால் 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபின், ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 25 கோடியாக வீழ்ந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனை மீளச் செலுத்த இயலாதென அறிவித்தது. பழைய பயிரைப் புறக்கணித்துப் புதிய ஏற்றுமதியைக் கட்டியெழுப்ப முடியாது என்பதை அந்நெருக்கடி உணர்த்திற்று.

தேயிலையின் உள்ளேயே மற்றொரு பாடமும் உண்டு. இன்று நாட்டின் தேயிலையிற் பெரும்பங்கைத் தருவோர் இரத்தினபுரி, காலி, மாத்தறை முதலிய மாவட்டங்களின் சிறுநில உடைமையாளர். 1970களிலிருந்து அரசு அவர்களுக்கு மானியமும் ஆலோசனையும் வழங்கியது. அவற்றைப் பயன்படுத்தச் சொந்த நிலமும் அவர்களிடம் இருந்தது. அதே பயிரை ஒன்றரை நூற்றாண்டாக அறிந்த மலையகத் தொழிலாளிக்கு அந்நிலம் கிட்டவில்லை.

எனவே ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டமொன்றை மதிப்பிடுகையில், எத்தனை டொலர் ஈட்டியது என்பதோடு, அச்செலவு எவருடைய வருமானத்திலிருந்து எடுக்கப்பட்டது, புதிய தொழிலுக்குள் அவர்கள் நுழைய வழியிருந்ததா என்பனவும் கணக்கிற் கொள்ளப்படல் வேண்டும். மலையகத்தைப் பொறுத்தவரை அவ்வழி காணியுரிமையிலும், தொழிற்கல்வியிலும், பெருமளவு பொதியிடப்படாமலே வெளியேறிய தேயிலையை விளையுமிடத்துக்கு அண்மையிலேயே கலந்து பொதிசெய்யும் தொழில்களிலும் தங்கியுள்ளது. 1968 இன் சான்றிதழ்கள் எவ்வளவு செலாவணியைத் தந்தன என்பதைப் பொருளியலாளர் பலர் ஆராய்ந்துள்ளனர். அவற்றுக்காகத் தோட்ட மக்கள் ஈந்த விலையை விரிவாக ஆராய்தல் நமது தலைமுறை மாணவரின் கடனாகும்.