கச்சானும் மல்லாட்டையும்: ஒரு தின்பண்டத்தின் பெயர்களும் அவற்றின் சமூகப் பின்னணியும்

நல்லூர்த் திருவிழாக் காலத்திலே வீதியோரங்களிற் குவித்து விற்கப்படும் கச்சானை, தென்னார்க்காட்டுப் பகுதிச் சந்தையொன்றில் அப்பெயராற் கேட்பின் விற்பவர் திகைப்பர். அங்கு அது மல்லாட்டை. சென்னையில் வேர்க்கடலை, தென்மாவட்டங்களிற் பெரும்பாலும் நிலக்கடலை, அல்லது வெறுங்கடலை. இக்கடைசிச் சொல்லிலும் ஒரு சிக்கலுண்டு. ஈழத்திலே கடலை என்றால் இன்றும் கொண்டைக்கடலைதான். தமிழகத்தின் பல பகுதிகளிலோ பின்வந்த பயிர் அப்பெயரைத் தனதாக்கிக்கொள்ள, பழைய கடலை ‘கொண்டை’ என்னும் அடையோடு வழங்குகின்றது.

இத்தகைய வேறுபாடுகளை வட்டார வழக்கின் விநோதங்களாகக் கண்டு சுவைப்பதோடு நமது ஆராய்ச்சியாளர் பலர் நின்றுவிடுகின்றனர். அப்பெயர்களுக்குப் பின்னாலுள்ள உற்பத்தியையும் வணிகத்தையும் நோக்குதல் அவசியமென நாம் கருதுகின்றோம்.

நிலக்கடலை தென்னமெரிக்காவிலே தோன்றிய பயிர். ஐரோப்பியர் கடல்வழிகளைத் தம் ஆதிக்கத்துட் கொணர்ந்த பின்னரே அது ஆசியக் கரைகளை அடைந்தது. புதிய பொருளுக்குப் பெயரிட்ட மக்களுட் சிலர், அறிந்த பயறொன்றின் பெயரோடு அது விளையும் இடத்தைச் சேர்த்தனர். நிலக்கடலை, வேர்க்கடலை, தெலுங்கின் வேருசெனக ஆகியன இவ்வகையின. உண்மையில் காய் வேரில் உண்டாவதன்று. பூவின் அடியிலிருந்து நீளும் காம்பு மண்ணுட் புகுந்து காயாகின்றது. ஆயினும் செடியைப் பிடுங்கும் கைகளுக்கு வேரோடு வருவது காய்தானே! வேறு சிலர் வந்த வழியையே பெயராக்கினர். மலையாளத்தில் கப்பலண்டி, அதாவது கப்பலில் வந்த கொட்டை. சிங்களத்தில் ரட்டகஜு, அந்நிய நாட்டுக் கஜு. கஜுவும் பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்ததே. முன்வந்த அந்நியன் உள்ளூரவனாகிப் பின்வந்தவனை அந்நியன் என்கின்றான்!

மல்லாட்டை என்பது மணிலாக்கொட்டையின் திரிபு. மணிலா, பதினாறாம் நூற்றாண்டின் பிற்கூறு முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்களால் மெக்சிக்கோவுடன் இணைக்கப்பட்டிருந்த துறைமுகம். அப்பெயர் தென்னார்க்காட்டிலே ஆழ வேரூன்றியமை தற்செயலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூறிலே அம்மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் இப்பயிர் பரவிற்று. விளைந்தது உள்ளூரார் கொறிப்பதற்காகவன்று. பாண்டிச்சேரித் துறையூடாக மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சவர்க்காரத் தொழிலுக்கும் அது சென்றது. வணிகரின் முன்பணம் உழவனைக் கட்டிப்போட்டது. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியில் விலை வீழ்ந்தபோது, மார்சேயைக் கண்டிராத அவ்வுழவனும் வீழ்ந்தான். செடியிலிருந்து காய் ஆய்ந்த பெண்களுக்கு ஆய்ந்த காயிலேயே ஓரளவு கூலியாகக் கிடைத்ததும் உண்டு. அக்கூலிக் காயே அவர்கள் வீட்டிலே வறுபட்டது, அவித்துண்ணப்பட்டது. அவர்கள் வாயில் மணிலா மல்லாட்டையாயிற்று.

பாடநூலிலோ அச்சொல்லுக்கு இடமில்லை. நிலக்கடலை செந்தமிழ், மல்லாட்டை கொச்சை. இப்பாகுபாட்டைத் தூய்மைவாதிகள் மொழிப்பற்றின் பெயரால் நியாயப்படுத்துவர். ஆனால் வகுப்பறையில் மல்லாட்டை என்று சொல்லி நகைப்புக்குள்ளாகும் பிள்ளை, பெரும்பாலும் அதனை ஆய்ந்தவளின் பிள்ளையே. இந்நிலையில், கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணனும் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் சொல்லகராதி தொகுத்தமை வெறும் சொற்சேகரிப்பாகாது. பல்கலைக்கழகங்கள் செய்திருக்கவேண்டிய பணியைப் படைப்பாளிகள் செய்தனர் என்பதை நாம் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கச்சான் என்னும் நமது சொல் கடலோர மக்களிடையே மேல்காற்றையும் குறிக்கும். ஒலியொப்புமையை மட்டும் கொண்டு இரண்டையும் முடிச்சிடுதல் ஆய்வாகாது. கச்சான் ஈழத்தில் வகித்த பொருளாதாரப் பங்கு தென்னார்க்காட்டினதைப் போன்றதன்று. இங்கு அது பெரிதும் கோயில் வீதியின் பண்டம். சிறுமுதலோடு பெண்கள் நடத்தும் வியாபாரம். பாகு சேர்ந்தால் கச்சான் அல்வா. ஏறத்தாழ அதே பண்டம் கோவில்பட்டியிற் கடலை மிட்டாய். 2020 இல் அது புவிசார் குறியீடு பெற்றதோடு ஊர்ப்பெயரும் சந்தையில் விலையுள்ள உடைமையாயிற்று. அக்குறியீடு மிட்டாய்க்கே உரியது. கடலை ஆய்ந்தவளின் கூலி பற்றி அதில் எதுவுமில்லை.