சுவரொட்டியும் ஒரு கல்வெட்டுதான்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

என் தங்கையின் பேத்தி கல்லூரியில் விஸ்காம் படிக்கிறாள். இந்த செமஸ்டரில் அவளுக்கு இரண்டு வேலைகள். ஒரு சினிமா போஸ்டரை எடுத்து அலசி எழுத வேண்டும். பிறகு போட்டோஷாப்பில் சொந்தமாக ஒரு போஸ்டர் செய்ய வேண்டும். "முதலாவது தியரி, ரெண்டாவது பிராக்டிகல். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை தாத்தா" என்றாள். சம்பந்தம் இருக்கிறது. அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன்.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. அலோய்ஸ் செனஃபெல்டர் என்பவர் நாடகம் எழுதுகிறவர். தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சடிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் அம்மா சலவைக்குப் போடும் துணிக் கணக்கைக் குறித்துக்கொள்ளக் காகிதம் அகப்படாமல், பக்கத்தில் கிடந்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதினாராம். அந்த வழியில் போய் 1796 வாக்கில் அவர் கண்டதுதான் லித்தோ என்கிற கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் சூட்சுமம். கல்லை ஈரமாக்கி மை தடவினால், எண்ணெய்ப் பசையால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். அதன்மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம்.

1860-களிலிருந்து பாரிஸில் ஜூல் ஷெரே என்ற ஓவியர் இந்த முறையில் பெரிய வண்ணச் சுவரொட்டிகளை அடித்து வீதிகளை நிறைத்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சிவப்புக் கல்லில் அடித்த தாளை, இம்மி பிசகாமல் நீலக் கல்லில் வைத்து மறுபடி அடிக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேலைக்கு வரும்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டினார்கள். தோட்டக்காரர் மீது தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் குறும்புப் படமும் அவற்றில் ஒன்று. அதைக் காட்டி மார்செலின் ஓசோல் வரைந்த போஸ்டரில் திரை ஒரு பக்கம்தான் இருக்கிறது. முன்னால் பெரிதாகத் தெரிவது, அதைப் பார்த்துச் சிரிக்கும் ஜனங்கள். சினிமா என்றால் என்னவென்றே தெரியாத ஊருக்கு, "உள்ளே வந்தால் நீயும் இப்படிச் சிரிப்பாய்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஜனங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை ஒரு காகிதம் நமக்குச் சொல்லிவிடுகிறது. கல்வெட்டைப் படிப்பதும் இப்படித்தானே?

பேத்தி எடுத்துக்கொண்டது 1975-ல் வந்த 'ஜாஸ்' போஸ்டர். மேலே கடல்பரப்பில் ஒரு பெண் நீந்துகிறாள். கீழிருந்து வாயைப் பிளந்துகொண்டு சுறா நேராக மேலே வருகிறது. நம் கண் முதலில் பற்களில் விழுகிறது, அங்கிருந்து மேலே ஏறி அந்தப் பெண்ணிடம் போகிறது. நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. அதுதான் பயம். இவ்வளவையும் அவளே அழகாக எழுதியிருந்தாள். "யார் வரைந்தது, எதற்காக வரைந்தது என்று எழுதவில்லையே அம்மா" என்றேன். தேடினாள். ரோஜர் காஸ்டெல் என்ற ஓவியர், பீட்டர் பெஞ்ச்லியின் நாவலுடைய மலிவுப் பதிப்பு அட்டைக்காக வரைந்த படம் அது. அதைத்தான் சினிமாவுக்கும் எடுத்துக்கொண்டார்கள். மூல ஓவியம் பிறகு காணாமல் போய்விட்டது. உலகம் முழுக்க நகல் இருக்கிறது, அசல் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமக்குக் கிடைத்திருக்கும் இந்தியப் பட போஸ்டர்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது, 1924-ல் வந்த 'கல்யாண் கஜினா' படத்தினுடையது. எடுத்தவர் கோலாப்பூர் பாபுராவ் பெயின்டர். பெயரிலேயே தொழில் இருக்கிறது, பாருங்கள். எம்.எஃப். உசேனும் இளம் வயதில் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து வயிறு கழுவியவர்தான்.

நம் ஊரில் பேனர் எழுதிய கலைஞர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கையளவு ஸ்டில் படத்தில் கட்டம் போடுவார்கள். அதே எண்ணிக்கைக் கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாகப் படத்தை ஏற்றுவார்கள். முகத்தை எழுதுகிறவர் மூத்தவர். உடை, பின்னணி எல்லாம் சீடர்கள் பொறுப்பு. கன்னத்தில் ரோஸ், நிழலில் பச்சையும் நீலமும் அடிப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அப்பியது போல இருக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் எம்.ஜி.ஆர். நம்மைப் பார்த்துச் சிரிப்பார். 1957-ல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னை சித்ரா தியேட்டரில் நின்ற சிவாஜியின் கட்-அவுட்டைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள்.

அச்சடித்த போஸ்டர் இன்னொரு வகை. ஒரு ஷீட் என்பது 30-க்கு 40 அங்குலம். பெரிய போஸ்டரைத் தனித்தனித் தாள்களாக அடித்து, சுவரில் மைதா பசை தடவி ஒட்டுகிறவர்தான் ஒன்று சேர்ப்பார். அவர் கை பிசகினால் கதாநாயகிக்குக் கழுத்து இரண்டாகிவிடும். மறுநாள் பசையின் ருசிக்கு மாடு வந்து பாதியைத் தின்றுவிடும். மிச்சத்தின் மேல் அடுத்த வெள்ளிக்கிழமைப் படம் ஏறிவிடும்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், 1987-ல் படங்களைத் திரையில் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். தம்பி ஜான், சினிமாவில் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இருவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அதை போட்டோஷாப் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவர்களுடைய அப்பா வீட்டிலேயே இருட்டறை வைத்துப் படம் கழுவியவர். பிள்ளைகள் தொழில் பழகியது அங்கேதான்.

அதனால்தான் அந்த மென்பொருளின் பட்டன்களில் பழைய இருட்டறை இன்னும் இருக்கிறது. 'டாட்ஜ்' என்ற கருவியின் சின்னம், குச்சியில் ஒட்டிய ஒரு வட்டம். இருட்டறையில் அட்டை வட்டத்தைக் கம்பியில் ஒட்டி, வெளிச்சத்தை மறைத்து, படத்தில் அந்த இடத்தை மட்டும் வெளிறச் செய்வார்கள். 'பர்ன்' கருவியின் சின்னம், குவித்த ஒரு கை. விரல் இடுக்கு வழியாக அதிக வெளிச்சம் விட்டு அந்த இடத்தைக் கருக்கச் செய்வார்கள். 1994-ல் மூன்றாம் பதிப்பில் 'லேயர்' வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் படத்தை அடுக்கும் அந்த வேலையைப் பார்த்தால் எனக்கு ஷெரேயின் கற்கள்தான் ஞாபகம் வருகின்றன. பேத்தி செய்த போஸ்டரை பிரஸ்ஸில் கொடுத்தால் இன்றைக்கும் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடாகப் பிரித்துத்தான் அடிப்பார்கள். திரையில் வெளிச்சத்தால் மின்னிய நிறம் காகிதத்தில் மங்கிப்போவதும் அதனால்தான்.

2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. பல நாள் எழுதிய பேனரை மெஷின் சில மணி நேரத்தில் துப்பியது. கலைஞர்கள் பலர் தொழிலை விட்டார்கள். அவர்கள் எழுதிய துணி மறுபடி வெள்ளை அடிக்கப்பட்டு வேறு படமானது, பந்தலானது, கிழிந்தது.

இங்கேதான் என் கவலை. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்தது. டி.பி. ராஜலட்சுமி நடித்தது. அந்தப் படச்சுருள் இன்று இல்லை. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்'. அதுவும் இல்லை. இப்படி அழிந்த படங்களுக்குச் சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பவை பத்திரிகை விளம்பரம், ஸ்டில், பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் போன்ற காகிதங்கள்தான். படம் அழிந்த பிறகு காகிதமே ஆவணம்.

அந்தக் காகிதத்தையும் இப்போது நாம் குழப்பிக்கொண்டிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது "1950-ல் வந்த அபூர்வ போஸ்டர்" என்று அனுப்புகிறார்கள். எழுத்து கம்ப்யூட்டர் எழுத்து. நிறம் போன மாதம் ஏற்றியது. ஓரத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் ஓவியரின் கையெழுத்தையும் "அழகாக இல்லை" என்று வெட்டியிருப்பார்கள். செய்தவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் ஐம்பது வருஷம் கழித்து ஒரு பிள்ளை அதை அசல் என்று நம்பி ஆராய்ச்சி எழுதும். எது கை, எது கல், எது கம்ப்யூட்டர் என்று கண் பழகியவர்களுக்குத்தான் அந்தப் பொய் தெரியும். எடிட்டிங் கற்றவர்தான் எடிட்டிங்கைக் கண்டுபிடிப்பார். போஸ்டரைப் படிப்பதற்கும் செய்வதற்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

நம்பிக்கை தரும் ஒரு பெயரும் சொல்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு, 1994-ல் அந்தச் சேகரிப்பை வைத்துச் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பிரஷ் பிடித்த கைதான் நம் வரலாற்றையும் பிடித்து வைத்தது.

ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வாத்தியார் புத்தி போகுமா! பரணில், டிரங்குப் பெட்டியில், பழைய நோட்டு அட்டைக்குள் பாட்டுப் புத்தகமோ, டூரிங் டாக்கீஸ் நோட்டீஸோ, கிழிந்த போஸ்டரோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் நாலு ஓரமும் தெரியப் படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். கறையும் மடிப்பும் அப்படியே இருக்கட்டும். எந்த ஊர், எந்தக் கொட்டகை, யார் வைத்திருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கூடவே எழுதி வையுங்கள். அழகுபடுத்த ஆசையா? நகலில் செய்யுங்கள், "இது மாற்றியது" என்று கீழே ஒரு வரி போடுங்கள்.

உங்கள் ஊரில் பேனர் எழுதியவர் பெயர் தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அவர்கள் போட்ட கையெழுத்து சுவரோடு போய்விட்டது. பெயராவது எங்காவது எழுதி இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்