அச்சு மசகிலிருந்து கிறீஸ் நிப்பிள் வரை: காங்கேசன்துறைச் சீமெந்தாலையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஈழத்துக் கைத்தொழில் வரலாற்றை ஆராய்வோர் ஆலைகள் திறக்கப்பட்ட ஆண்டுகளையும், அமைச்சர்களின் பெயர்களையும், உற்பத்தித் தொகைகளையும் குறிப்பது வழக்கம். திறந்த நாளுக்கும் மூடிய நாளுக்கும் இடையில் ஓர் ஆலையை நாள்தோறும் இயங்கவைத்தது யாது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவிற்கு விடை தேடப் புகின், விரல் நுனியளவேயான ஓர் உறுப்பும் அதனைப் பேணிய தொழிலாளரும் கண்முன் வருவர். அவ்வுறுப்பே கிறீஸ் நிப்பிள்.

உராய்வைத் தணிக்கும் அறிவு தமிழர்க்குப் புதியதன்று. கரியை எண்ணெயிற் குழைத்து வண்டி அச்சுக்கு மசகிடுதல் நெடுங்கால வழக்கம். செக்கும் வண்டிலும் வழங்கிய யாழ்ப்பாணச் சமூகத்தில் பொறியின் உடைமையாளனும், அதனைச் செலுத்துவோனும், பேணுவோனும் பெரும்பாலும் ஒருவனே. அச்சு கிறீச்சிட்டால் அவன் செவியே முதலிற் கேட்டது. அவன் கையே மருந்திட்டது. பேரியந்திரத்தின் வருகை இந்த ஒருமையைக் குலைத்தது. உடைமை அரசிடமோ முதலாளியிடமோ சென்றது. செலுத்துதல் ஒருவர்க்கும் பேணுதல் மற்றொருவர்க்கும் உரிய தொழில்களாயின.

அப்பேரியந்திரங்களுக்கு மசகூட்டும் முறையும் மாறியது. தொடக்கத்தில் ஒவ்வொரு மூட்டிலும் கிறீஸ் நிறைந்த சிறு கிண்ணம் பொருத்தி, அதன் மூடியைத் திருகித் திருகி மசகை உட்செலுத்தினர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சிக்காகோவைச் சேர்ந்த ஆதர் குல்போர்க் இவ்வேலையை உயரழுத்த முறையால் எளிதாக்கினார். வியன்னாவிற் பிறந்த ஒஸ்கார் சேர்க் 1929இல் ஐக்கிய அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற நிப்பிளே பின்னர் உலகெங்கும் பரவியது. அதன் தலையில் ஒரு சிறு குண்டு. அதன் கீழ் ஒரு சுருள்வில். கிறீஸ் துப்பாக்கியின் அழுத்தத்தாற் குண்டு கீழிறங்கி வழிவிடும். அழுத்தம் நீங்கியதும் வில் அதனை மேலே தள்ள, வாய் அடைபடும். மசகு வெளியேறாது, தூசு உட்புகாது.

சுதந்திரத்தின் பின் ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் உருவாகிய காங்கேசன்துறைச் சீமெந்தாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லும், மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களிமண்ணும் அதன் மூலப்பொருள்கள். கல்லை அகழ்ந்து, நொறுக்கி, அரைத்து, ஏறக்குறைய 1450 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுட்டெடுப்பதே சீமெந்துத் தொழில். இத்தொழிலில் மூட்டுகளின் பெரும்பகை தூசு. கற்றூள் கிறீஸுடன் கலந்தால் மசகே அரமாகிவிடும். கடற்கரை ஆலைக்கு உப்புக்காற்றும் பகையாகும்.

ஆதலின் நிப்பிளைப் பேணுதல் எளிதெனத் தோன்றினும் நுண்ணிய வேலையாகும். துப்பாக்கியைப் பொருத்துமுன் நிப்பிளின் தலையைத் துணியால் துடைத்தல் முதல் விதி. துடையாது அழுத்துபவன் மசகோடு மணலையும் ஊட்டுகிறான். பழைய கிறீஸ் மூட்டின் விளிம்பில் வெளிப்படும்வரை ஊட்டவேண்டும். மசகு ஏறாவிடின் வலிந்து அழுத்துதல் தவறு. நிப்பிளைக் கழற்றி, அடைபட்டது அதுவா உள்வழியா என ஆராய்தல் வேண்டும். புதியதை மாற்றும்போது மரை பொருந்துகிறதா என்றும், துப்பாக்கி எட்டுவதற்கு நேரான தலை ஏற்றதா சாய்ந்த தலை ஏற்றதா என்றும் நோக்கவேண்டும். மிகை முறுக்கினால் நிப்பிள் ஒடிந்து துளையிலேயே தங்கிவிடும். மலிவான இவ்வுறுப்பைப் புறக்கணித்தால் ஊசியும் புஷ்ஷும் தேய்ந்து, பெரும் பொறி நாட்கணக்கில் முடங்கும். வண்டில் அச்சு உடனே முறையிடும். பேரியந்திரத்தின் மூட்டோ அதன் இரைச்சலுள் மறைந்து மௌனமாகவே தேயும். அம்மௌனத்தை முன்னறிவதே பேணுநர் திறன்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது ஆலை நின்றது, ஊரவர் இடம்பெயர்ந்தனர், அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. ஆலையின் தோற்றமும் முடிவும் ஏடுகளிற் பதிவாகியுள்ளன. நாற்பது ஆண்டுகள் அதன் மூட்டுகளை உயிர்ப்புடன் வைத்திருந்த கைகளின் அறிவோ அக்கைகளுடனேயே தங்கிவிட்டது. எந்த மூட்டு எத்தனை நாளில் வரளும், மாரியில் எது முதலிற் துருவேறும் என்பன எந்தக் கைந்நூலிலும் அடங்குவன அல்ல. பல்லாண்டுப் பழக்கத்தால் விளைவன.

அவ்வாண்டில் இளைஞராயிருந்த தொழிலாளர்கூட இன்று முதுமையின் வாயிலில் நிற்பர். மூத்தோர் பலர் மறைந்திருப்பர், புலம்பெயர்ந்தோரும் உளர். கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிச்செல்லும் வரலாற்று மாணவர், எண்ணெய்க் கறை படிந்த இக்கைகளையும் சான்றாகக் கொள்ளவேண்டிய காலம் இதுவே. நாளை தேடுவோர்க்கு ஆலையின் ஆண்டுகள் கிடைக்கும். அதனை ஓடவைத்த அறிவு கிடைக்காது.